சலவைக்கூடப் பாட்டின் சரியான நடை

எனக்கு உட்கார்ந்து எழுதிப் பழக்கமில்லை. நடந்துகொண்டே மனசுக்குள் எழுதி முடித்துவிட்டு, கடைசியில் நின்ற வாக்கில் தாளில் இறக்கி வைப்பதுதான் என் வழக்கம். இந்த அறையில் சுவருக்குச் சுவர் ஆறு எட்டுதான் இருக்கிறது. ஏழாவது எட்டு வைத்தால் மூக்கு இடிக்கும். காவலுக்கு நிற்கிற பெண் போலீஸ், "உக்காருங்க சார், உங்களைப் பாத்துப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். பாவம், அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதித் தரச் சொன்னவர் நீங்கள். ஒன்றுவிடாமல் எழுத வேண்டுமென்றால் நான் நடந்தாக வேண்டும்.

நான் பாட்டுக்குழுக்களுக்குப் பாட்டு அமைக்கிறவன். கருவி எதுவும் இல்லாமல் நாற்பது ஐம்பது பேர் வரிசையாக நின்று வெறும் குரலால் பாடுவார்களே, அந்த வகை. என் பாட்டுகளுக்கு மூலம் எல்லாம் உழைக்கிற ஜனங்களுடைய பாட்டுகள். வலை இழுக்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள் என்று தேடிப் போய், அவர்கள் பாடுவதைப் பதிவு செய்துகொண்டு வந்து, நான்கு குரலாகப் பிரித்து எழுதுவேன். இருபத்தைந்து வருடத்தில் பதினொரு பெரிய படைப்புகள். ஊர் முழுக்க என்னை மாஸ்டர் என்று கூப்பிடும். என் மனைவியும், சண்டை இல்லாத நாட்களில், அப்படித்தான் கூப்பிடுவாள்.

முதல் படைப்பு 'எழுந்திரு'. நீங்களும் கேட்டிருப்பீர்கள். இரங்கல் கூட்டம் எங்கே நடந்தாலும் அதைத்தான் பாடுகிறார்கள். அதை எனக்குக் கொடுத்தவர்கள் அக்கா தங்கை இரண்டு பேர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்த சலவைக்கூடத்தில் வேலை செய்தார்கள். நான் போனபோது மூத்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், இளையவருக்கு நாற்பது. எனக்கு இருபத்தெட்டு. பெரியக்கா, சின்னக்கா என்று கூப்பிட்டேன். அவர்கள் என்னை டேப்புத் தம்பி என்றார்கள், கையில் டேப் ரிக்கார்டரோடு திரிந்ததால்.

சலவைக்கூடத்தில் ஆவி மூட்டமாக நின்றது. பிளீச்சிங் பவுடர் நெடியில் உள்ளே போன அடுத்த நிமிடமே எனக்குக் கண் எரிந்தது. அவர்கள் அதற்குள்ளேயே இருபது வருடம் நின்றவர்கள். படுக்கை விரிப்பை மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். இந்த முனையை ஒருத்தியும் அந்த முனையை ஒருத்தியும் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்பார்கள். பாட்டும் அப்படித்தான். ஒருத்தி மூச்சு வாங்கும்போது மற்றவள் சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். வாங்கி முடித்ததும் இவள் பிடிப்பாள், அவள் வாங்குவாள். பாட்டு ஆரம்பித்தால் முடிகிறவரை இடைவெளி என்பதே கிடையாது. இதைக் கண்டுபிடித்துப் பாட்டுக்குழுவுக்குள் கொண்டுவந்தவன் நான்தான் என்று பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. அதை நான் மறுத்ததில்லை.

வரிகள் சாதாரணமானவை.

எழுந்திரு ராசா எழுந்திரு
ஏறு வெயிலாச்சு எழுந்திரு
ஊரே உன்னைச் சுத்தி நிக்குது
ஒரு வார்த்தை சொல்லாமத் தூங்குறியே

நான்கு விரிப்பு மடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. கண் எரிச்சலில் பாட்டைச் சரியாகக் காதில் வாங்கவில்லை; எனக்கு அவசர வேலையும் ஒன்று இருந்ததால் உடனே கிளம்பினேன். எதைப் பற்றிய பாட்டு என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வேறு டேப்புகளைக் கேட்டுக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து சலவைக்கூடத்து டேப்பைப் போட்டேன். அடித்தொண்டையிலிருந்து இரண்டு பெண்கள், ஒவ்வொரு சொல்லையும் மண்ணிலிருந்து பிடுங்குவது போல இழுத்து இழுத்துப் பாடினார்கள். செத்துக் கிடக்கிற ஒருவனைச் சுற்றி ஊரே நிற்க, அவனை எழுந்திரு என்று கெஞ்சுகிறார்கள். சொல்ல வெட்கமில்லை, தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். மூன்று நாளில் எழுதி முடித்தேன். தாளத்தை எண்ணித் தட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்து நடையை அளந்தேன். நிமிடத்துக்கு ஐம்பத்தாறு தட்டு.

அரங்கேற்றம் முடிந்ததும் ஒரு மூத்த விமர்சகர் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். 'அடிவயிற்றுத் துக்கம்' என்று மறுநாள் எழுதினார். அந்தத் துக்கம்தான் அதன்பிறகு என் பாணி ஆயிற்று. மூட்டை தூக்குகிறவர்கள் பாட்டையும் மெதுவாக்கினேன், வலை இழுக்கிறவர்கள் பாட்டையும் மெதுவாக்கினேன். உழைக்கிறவன் பாட்டுக்குள் எப்போதும் ஓர் ஒப்பாரி ஒளிந்திருக்கிறது, அதை வெளியே எடுப்பதே என் வேலை என்று மேடைக்கு மேடை பேசினேன். கல்லூரிகளில் அதைப் பாடமாக வைத்தார்கள்.

எட்டு மாதம் கழித்து ரிக்கார்டருக்குப் புது பேட்டரி போட்டேன்.

ஐயா, இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பேட்டரி சோர்ந்துபோனால் டேப் மெதுவாக ஓடும்; மெதுவாக ஓடினால் குரலும் கீழே இறங்கும். பஸ்ஸில் கேட்டுக் கேட்டு நானே பேட்டரியைக் காலி செய்திருந்தேன். புது பேட்டரியில் அதே பாட்டு எண்பத்து நான்கு தட்டில் துள்ளிக்கொண்டு ஓடியது. குரல்கள் கணீரென்று மேலே இருந்தன. கடைசி வரி முடிந்ததும் இரண்டு பேரும் வயிறு வெடிக்கச் சிரிக்கிற சத்தம் வந்தது. மெதுவாக ஓடியபோது அந்தச் சிரிப்பைத்தான் நான் விம்மல் என்று நினைத்து, ஆண் குரல்களுக்கு எழுதி வைத்திருந்தேன்.

அன்று ஆரம்பித்ததுதான் இப்படிச் சுவருக்குச் சுவர் நடக்கிற நடை. மறுநாள் டேப்பை நாடா நாடாவாக உருவிக் குப்பையில் போட்டேன். சலவைக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். இயந்திரங்கள் வந்துவிட்டதால் வேலைக்காரர்களை அனுப்பிவிட்டார்களாம். யார் எங்கே போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வாரம் இசைக்குறிப்பைப் புத்தகமாக அச்சடிக்கிறவர்கள் முன்னுரை கேட்டார்கள். பாடியவர்கள் பாடிய நடையிலேயே, மயிரிழை மாற்றாமல் எழுதப்பட்டது என்று எழுதினேன். பிறகு, யாராவது அவர்களைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாதே என்று இன்னொரு வரியும் சேர்த்தேன். பதிவு செய்த அதே வருடம் மூத்தவர் காலமானார் என்றும், அந்தத் துக்கம் தாளாமல் இருபதாம் நாள் இளையவரும் போய்ச் சேர்ந்தார் என்றும் எழுதினேன். அந்த இடத்தைப் படித்துவிட்டு அழாதவர்கள் குறைவு. இந்தப் பாட்டு அவர்களே தங்கள் சாவுக்குப் பாடிக்கொண்டது என்று ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை கூட வந்தது.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன்.

'எழுந்திரு'வுக்கு இருபத்தைந்தாவது வருடம். பெரிய கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. பாட்டுக்குழுவின் தலைவி கெட்டிக்காரப் பெண், என்னிடமே படித்தவள். ஒரு நாள் முற்பகல் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வயதான ஒரு பெண்மணி, கையில் துணிப்பையோடு, மூச்சு வாங்க உள்ளே வந்து நின்றார். யாரோ ஒருவரின் அம்மா என்று நினைத்தோம். பாட்டு முடிகிறவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"டேப்புத் தம்பிதானே? முடியெல்லாம் எங்க போச்சு?"

சின்னக்கா.

மூச்சுக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது ரேடியோவில் இந்தப் பாட்டைக் கேட்டாராம். என் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். பெரியக்கா மூன்று வருடத்துக்கு முன்னால்தான் தவறிப்போனாராம். குழுத்தலைவி புத்தகத்தை எடுத்து முன்னுரையைக் காட்டினாள். சின்னக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"நான் செத்தே இருபத்தஞ்சு வருஷம் ஆச்சா? சரி, செத்தவளுக்கு ஒரு டீயாவது குடுங்கப்பா. அவ்ளோ தூரத்துலேருந்து வர்றேன்."

டீயைக் குடித்துவிட்டுக் கேட்டார். "ஏன் தம்பி எழவு வீடு மாதிரி பாட வெக்கறீங்க? இது எங்க சூப்பர்வைசரைக் கேலி பண்ற பாட்டு. மத்தியானம் சாப்பிட்டுட்டு நாற்காலியிலயே குறட்டை விடுவாரு. நாங்க சுத்தி நின்னு பாடுவோம். முழிச்சுக்கிட்டா ஓடிருவோம்."

பாடியும் காட்டினார். இரண்டே வரிதான் முடிந்தது. மூன்றாவது வரியில் இருமல் வந்துவிட்டது. பையிலிருந்து நீல நிற இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து இழுத்துக்கொண்டார். ஆனால் அந்த இரண்டு வரி போதும். நாற்பத்திரண்டு பேரும் கொல்லென்று சிரித்தார்கள். ஆறே நிமிடத்தில் குழு முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டு காலால் தாளம் தட்டிப் பாட ஆரம்பித்துவிட்டது. என் பாட்டை அவர்கள் ஒருநாளும் அவ்வளவு சந்தோஷமாகப் பாடியதில்லை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எண்பத்து நான்கு என்னை விடவில்லை. மின்விசிறி அந்த நடையில் சுற்றியது. மாடிப்படியில் யாராவது இறங்கினால் அந்த நடையில் இறங்கினார்கள். மனைவி காய் நறுக்கினால் அந்த நடையில் நறுக்கினாள். நான் பாதியில் வைத்திருந்த பன்னிரண்டாவது படைப்பை எடுத்தால், மெதுவாக எழுதிய ஒவ்வொரு வரியும் பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல ஓடப் பார்த்தது. வீட்டுக்குள் நடந்தேன், மொட்டை மாடியில் நடந்தேன், தபால் போடுகிற சாக்கில் தெருவில் நடந்தேன். சாப்பாட்டுத் தட்டோடும் நடந்தேன். "காலில சக்கரமா கட்டியிருக்கு?" என்று மனைவி தட்டைப் பிடுங்கி வைத்தாள்.

குழுத்தலைவி வந்து பேசினாள். அவள் கெட்ட எண்ணத்தில் எதுவும் சொல்லவில்லை.

"மாஸ்டர், கச்சேரியில மொதல்ல உங்க பாட்டு. அப்புறம் அந்தம்மாவையே மேடையேத்தி நெஜப் பாட்டு. நீங்க வேணும்னுதான் மெதுவாக்கினீங்கன்னு சொல்லிருங்க, அதுவும் ஒரு கலைதானே? முன்னுரையை மட்டும் புதுப் பதிப்புல மாத்திரலாம்."

"என்னன்னு மாத்தறது?"

"அவங்க உசுரோட இருக்காங்கன்னுதான். வேற என்ன?"

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் பாருங்கள். ஒரு வரியை மாற்றினால் அடுத்த வரியையும் மாற்ற வேண்டும். மயிரிழை மாற்றவில்லை என்ற வரி போகும். பிறகு அடிவயிற்றுத் துக்கம் போகும். பிறகு மூட்டைக்காரர்கள், வலைக்காரர்கள், பதினொரு படைப்பும் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நிற்கும். கடைசியில் மிஞ்சுவது சோர்ந்துபோன நாலு பேட்டரி. பேட்டரிதான் என் பாணி என்று தெரிந்தபிறகு, ஐயா, நான் யார்? இதை யோசித்துப் பார்க்கிற எவரும் என் நிலையைப் புரிந்துகொள்வார்கள்.

அச்சில் வந்ததை மாற்றுவது கஷ்டம். அச்சில் வராததை மாற்றுவது அவ்வளவு கஷ்டமில்லை. இதைத்தான் நிதானமாக யோசித்தேன். புத்தகத்தில் இருப்பது ஒன்று, வெளியே இருப்பது ஒன்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதானே.

சின்னக்காவுக்குப் போன் செய்தேன். மேடைக்கு முன்னால் என் வேலையறையில் ஒரு நல்ல பதிவு எடுத்துவிடலாம், புதுப் பதிப்பில் சரியான நடையைப் போடலாம் என்றேன். அவருக்கு அத்தனை சந்தோஷம். "எங்கக்கா இருந்திருந்தா இன்னும் நல்லா இருக்கும். பரவால்ல தம்பி, வர்றேன்" என்றார். மகள் துணைக்கு வருவதாகச் சொன்னதை நான்தான் வேண்டாம் என்றேன். பதிவு அறையில் ஆள் கூடினால் சத்தம் கூடும்.

அன்று காலை அறையை நானே கழுவினேன். பிளீச்சிங் பவுடரைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். வெளிச்சத்தம் வராதபடி கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாவற்றையும் பஞ்சுப்பட்டையால் அடைத்தேன். இது பதிவுக்கு எப்போதும் செய்கிறதுதான். மனைவி அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்.

சின்னக்கா உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சினார். "எங்க சலவைக்கூடம் மாதிரியே இருக்கு" என்றார். இருமினார். உடைத்த கண்ணாடிச் சில்லுகளைக் குலுக்குவது போல அந்தத் துணிப்பை சலசலத்தது. பையில் சாவி, சில்லறை, மாத்திரை அட்டை, அந்த நீல இன்ஹேலர். மைக் பக்கத்தில் இந்தச் சத்தமெல்லாம் ஆகாது என்று சொல்லி வாங்கினேன். பையை வெளி அறையில் வைத்தேன். இன்ஹேலரை மட்டும் என் பென்சில் இழுப்பறையில் போட்டு மூடினேன். நீங்கள் அங்கேதான் எடுத்தீர்கள்.

முதல் பதிவு நன்றாகவே வந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எண்பத்து நான்கு. மூன்றாவது வரியின் நடுவில் நின்று மூச்சு வாங்கினார்.

"இடைவெளி விழுந்துடுச்சு சின்னக்கா. இந்தப் பாட்டுல இடைவெளி கிடையாது."

"அது ரெண்டு பேருக்குத்தான் தம்பி. ஒருத்தியா எப்படிப் புடிக்கறது?"

"புத்தகத்துல வரப்போகுது. மறுபடி மொதல்லேருந்து."

இரண்டாவதில் இரண்டாம் வரியிலேயே நின்றார். மூன்றாவதில் முகம் சிவந்தது. நான் குரலை உயர்த்தவே இல்லை. ஒரு தடவை கூட அவரைத் தொடவில்லை. பாட்டுக்குழுவை நான் எப்படிப் பழக்குவேனோ அதே மரியாதையோடு, மறுபடி மொதல்லேருந்து என்று மட்டும் சொன்னேன். அவர் நல்ல மனுஷி. பிறருக்குச் சிரமம் கொடுத்துப் பழக்கமில்லாதவர். தன்னால் என் வேலை கெடுகிறதே என்றுதான் அவருக்குக் கவலை. நான்காவதற்கு முன்னால் இன்ஹேலரைக் கேட்டார். இதோ, இன்னும் ஒரே தடவை, முடித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றேன். ஐந்தாவதற்கு முன்னால் மறுபடி கேட்டார். கதவைப் பார்த்தார். நான் கதவுக்கும் அவருக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். அது என் வழக்கம் என்று சொன்னேனே.

ஆறாவதற்கு முன்னால் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"தம்பி... நீங்க எங்கக்கா மாதிரி... ஒரு சொரம் புடிச்சுக்கோங்க. நான் மூச்சு... வாங்கிக்கறேன்."

பொய் சொல்லவில்லை. அந்தச் சுரம் எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்தைந்து வருடமாக நாற்பது பேரைப் பிடிக்க வைத்தவன் நான். வாயைத் திறந்தால் போதும். ஆனால் மூலப்பதிவில் இசையமைப்பாளரின் குரல் வரக்கூடாது. அது ஒரு தொழில் ஒழுங்கு. அதையும் அவரிடம் பொறுமையாக விளக்கினேன்.

ஏழாவது தடவை அவரே பாட ஆரம்பித்தார், நான் கேட்காமலேயே. என்னிடம் பாடினாரா, அக்காவிடம் பாடினாரா என்று தெரியவில்லை. கண் மூடியிருந்தது.

பாட்டு நின்றபின் பதினொரு நிமிடம் கழித்துத்தான் டாக்டரைக் கூப்பிட்டேன். ஏன் அந்தப் பதினொரு நிமிடம் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். துணைக்கு வைத்திருந்த இன்னொரு ரிக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்ததால் உங்களுக்குத் தெரியும், நான் முதலில் டேப்பைப் பத்திரப்படுத்தவில்லை, ஓடவும் இல்லை, எதையும் மறைக்கவும் இல்லை. அவரை மூச்சுவிட முடியாமல் செய்தது நான்தான். சாக வேண்டும் என்று நினைத்தே செய்தேன். இதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். அவர் மகளிடமும் சொல்லுங்கள். அந்தப் பெண் நேற்று வராந்தாவில் அழுதது எனக்குக் கேட்டது. ரொம்ப வேதனையாக இருந்தது.

ஆனால் ஒரு விஷயம். நீங்கள் ஏழாவது பதிவைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பெண் போலீஸால் கேட்க முடியவில்லையாம். தயவுசெய்து கடைசிவரை கேளுங்கள். அதில் துள்ளல் இல்லை, கேலி இல்லை, சிரிப்பு இல்லை. ஒவ்வொரு சொல்லும் அடிவயிற்றிலிருந்து, இழுத்து இழுத்து வருகிறது. அந்தப் பதினொரு நிமிடத்தில் நான் மெட்ரோனோமை எடுத்து வைத்து, பதிவைப் பின்னோக்கி ஓட்டி, மூன்று தடவை அளந்து பார்த்தேன். பேட்டரியில் இல்லை, மின்சாரத்தில் ஓடிய கருவி. தவறு வர வாய்ப்பே இல்லை. நிமிடத்துக்குச் சரியாக ஐம்பத்தாறு. என் நடைதான் சரி என்று கடைசியில் சின்னக்காவே ஒப்புக்கொண்டார்.